ஆண் இல்லாமலேயே முட்டை வரும்: சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பெண் ஆமை வளர்ப்பவர்களுக்கு

பெண் ஆமை வளர்க்கும் பலருக்கு இது தெரிந்திருப்பதில்லை. தொட்டியில் அது தனியாகவே இருந்தாலும், ஆண் ஆமையை வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்றாலும், வளர்ந்து பருவத்துக்கு வந்துவிட்டால் வயிற்றில் முட்டை உருவாகும். நாம் கடையில் வாங்கும் கோழி முட்டை சேவல் இல்லாமல் வருகிற மாதிரிதான். குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். மற்றபடி முட்டைக்கு ஓடு கட்டத் தேவையான கால்சியம், வெளியே தள்ளத் தேவையான தெம்பு, இடம் தேடி மண்ணைத் தோண்டும் தவிப்பு எல்லாம் அப்படியேதான் இருக்கும். "நான் இனப்பெருக்கமெல்லாம் செய்யப்போவதில்லை, எனக்கு எதற்கு இது?" என்று கேட்பவர்கள்தான் இதை முதலில் படிக்க வேண்டும், ஏனென்றால் முட்டை சிக்கி உயிருக்குப் போராடும் ஆமைகளில் பல அப்படிப்பட்ட வீடுகளில்தான் இருக்கின்றன.

சிங்கப்பூரில் ஊர்வனவற்றில் வீட்டில் வளர்க்க அனுமதி உள்ளவை இரண்டே இரண்டு: கன்னத்தில் சிவப்புக் கோடு உள்ள ரெட் இயர்ட் ஸ்லைடர் என்ற ஆமை, அப்புறம் மலாயாப் பெட்டி ஆமை. பச்சோந்தி, இகுவானா, பாம்பு, நட்சத்திர ஆமை எதற்கும் அனுமதி இல்லை. வெளிநாட்டில் பச்சோந்தி வளர்ப்பவர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு ஆசைப்படும் பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறார்கள், என் மகளும்தான். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பச்சோந்தி வளர்ப்பில் ஆளை அலைக்கழிக்கும் பிரச்சினைகள் என்று எதையெல்லாம் சொல்கிறார்களோ, அதாவது முட்டை சிக்கிக்கொள்வது, எலும்பு மெலிந்துபோவது, வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்குவது, இவை மூன்றும் நம் வீட்டு ஆமைக்கும் வரும். ஏமன் பக்கத்துப் பச்சோந்தியில் பெண் ஆண் துணையில்லாமலே கொத்துக் கொத்தாக முட்டையிடும், அளவுக்கு மீறிப் பூச்சி கொடுத்து வளர்த்தால் முட்டைகளின் எண்ணிக்கை கூடி உடம்பு தாங்காமல் போகும். அங்கே பூச்சி என்றால் இங்கே காய்ந்த இறால்.

எங்கள் வீட்டுக்கு ஆமைகள் வந்தது பெரியப்பா மகன் குடும்பத்தோடு பெர்த்துக்குப் போனபோது. ஆஸ்திரேலியாவில் ரெட் இயர்ட் ஸ்லைடர் தடைசெய்யப்பட்ட விலங்கு, கூட்டிக்கொண்டு போக வழியே இல்லை. "உன்னைத் தவிர யாரிடம் கொடுக்கிறதுன்னு தெரியலம்மா" என்று அண்ணன் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. செல்லம்மா என்று ஒரு பெண், பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்தது. ராஜா என்று ஓர் ஆண், அதைவிடச் சின்னது. எது ஆண், எது பெண் என்று பார்ப்பது பெரியவற்றில் சுலபம். ஆணுக்கு முன்கால் நகங்கள் நீண்டு மெலிந்திருக்கும், வால் தடித்து நீளமாக இருக்கும். பெண்ணுக்கு நகமும் வாலும் குட்டை, உடம்பு பெரிது. குட்டியாக வாங்கும்போது இதில் எதுவும் தெரியாது, அதனால்தான் பலரும் "எங்களுடையது ஆண்" என்று ஆண்டுக்கணக்கில் நினைத்துக்கொண்டு, ஒரு நாள் தொட்டித் தண்ணீரில் முட்டையைப் பார்த்து அதிர்ந்துபோகிறார்கள்.

வந்து சில மாதம் கழித்து செல்லம்மாவின் நடவடிக்கை மாறியது. எந்நேரமும் தொட்டியைவிட்டு ஏறப் பார்த்தது. தரையில் விட்டால் சமையலறைக்குப் பின்னாலிருக்கும் யார்டின் மூலைக்குப் போய்ப் பின்னங்கால்களால் ஓட்டுத்தரையைப் பிறாண்டியது. சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்னம்மா இது, தரையைப் போட்டு இந்தப் பாடு படுத்துது, வயிறு சரியில்லையா?" என்று முதலில் கவனித்தது என் மாமியார். பின்னங்காலால் தோண்டுவதுதான் முக்கியமான அடையாளம். ஆமை முன்னங்காலால் மண்ணைக் கிளறினால் அது ஒளிய இடம் பார்க்கலாம், வெளியே போகப் பார்க்கலாம். பின்னங்காலை மாற்றி மாற்றி வைத்துத் தோண்டினால் அது முட்டைக்குக் குழி.

நாய், பூனை தவிர மற்ற விலங்குகளையும் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். எம்ஆர்டி ரயிலில் செல்லப்பிராணிகளை ஏற்ற முடியாது, வாடகைக் காரில்தான் போக வேண்டும். தண்ணீர் நிரப்பிய வாளியில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மூடியில் துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் ஈரத்துண்டு விரித்து அதில் வைத்தால் போதும், சில மணி நேரம் தாராளமாகத் தாங்கும். காரில் குளிர்சாதனக் காற்று நேராகப் பெட்டியில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரேயில் ஒன்பது முட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. மருத்துவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மிகவும் உதவியது: வயிற்றில் முட்டை இருப்பது நோய் அல்ல. சுறுசுறுப்பாக நடக்கிற, கண்ணைத் திறந்து பார்க்கிற, தோண்ட இடம் தேடுகிற ஆமைக்குத் தேவை மருந்து அல்ல, மண். நல்ல இடம் கிடைக்காத ஆமை முட்டையை அடக்கிவைத்துக்கொள்ளும், நாள் கூடக் கூட முட்டையின் ஓடு இன்னும் தடித்துச் சொரசொரப்பாகும், பிறகு வெளியே வர விரும்பினாலும் வராது. ஆமை ஓய்ந்துபோய்க் கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடந்தால், வீணாக முக்கிக்கொண்டே இருந்தால், பின்கால்கள் துவண்டால், கழிவுத் துவாரத்தில் வீக்கமோ ரத்தமோ தெரிந்தால், ஒன்றிரண்டு முட்டை போட்டபின் மற்றது வராமல் நின்றுபோய் ஆமையும் சோர்ந்துவிட்டால், அப்போது மண்ணை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது, அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

செல்லம்மா இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. ரத்தப் பரிசோதனையில் கால்சியம் குறைவு. இங்கேதான் விஷயமே இருக்கிறது. முட்டைக்கு ஓடு கட்ட உடம்பு கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது, சாப்பாட்டில் போதவில்லை என்றால் எலும்பிலிருந்து உருவும். அதே கால்சியம்தான் முட்டையைத் தள்ளும் தசை சுருங்கவும் தேவை. ஓடு கட்டியே கையிருப்பு தீர்ந்துவிட்டால் தள்ளத் தெம்பு இருக்காது. முட்டை பெரிதாக இருப்பதாலோ கோணலாக இருப்பதாலோ சிக்குவதும் உண்டு, சிறுநீர்ப்பைக் கல் வழியை அடைப்பதும் உண்டு, ஆனால் வீட்டில் வளரும் ஆமைகளில் உணவும் வெளிச்சமும் இடமும் போதாததுதான் அடிக்கடி காரணம் என்றார் மருத்துவர்.

முதலில் உடம்பில் நீர்ச்சத்தைச் சரிசெய்து, கால்சியம் ஊசி போட்டார்கள். அப்புறம் ஆக்ஸிடோசின், முட்டையைத் தள்ளும் தசையைச் சுருங்கவைக்கும் மருந்து. பல்லி வகைகளைவிட ஆமைகளுக்கு இந்த மருந்து நன்றாகவே வேலை செய்யுமாம். ஆனால் எக்ஸ்ரே எடுத்து, முட்டை உடைந்தோ வழி அடைத்தோ இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் அடைபட்ட வழியில் தசை இறுகி உள்ளேயே கிழிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து மருந்து வரவழைத்து வீட்டிலேயே போடலாமா என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அதேபோல, பின்னங்காலுக்கு முன்னால் இருக்கும் மெத்தென்ற பகுதியில் விரலை விட்டு முட்டை தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது மருத்துவர் செய்கிற வேலை. நாம் அழுத்தி உள்ளே முட்டை உடைந்தால் மஞ்சள் கரு வயிற்றுக்குள் பரவி, சீழ் பிடித்து, காப்பாற்றுவது மிகக் கடினம்.

மாலைக்குள் முட்டைகள் வந்துவிட்டன. எல்லாம் வந்துவிட்டதா என்று இன்னொரு எக்ஸ்ரே எடுத்தே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆலோசனை, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஊசி எல்லாம் சேர்த்துச் சில நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது. இலவசமாகக் கிடைத்த ஆமை என்று நினைத்து வாங்கிக்கொள்பவர்கள் இந்தக் கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறைக்கு நாங்கள் யார்டிலேயே முட்டைப் பெட்டி தயார்செய்துவிட்டோம், ஏனென்றால் ஒரு பருவத்தில் ஒரு முறையோடு நிற்காது, சில வாரம் விட்டு மறுபடியும் வரும். துணி அடுக்கிவைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி, ஆமையின் நீளத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு இடம் உள்ளதாக. அதில் மணலும் உரம் கலக்காத மண்ணும் பாதிக்குப் பாதி. ஆழம் குறைந்தபட்சம் ஆமையின் ஓட்டு நீளம் அளவுக்காவது இருக்க வேண்டும், செல்லம்மாவுக்கு 25 சென்டிமீட்டருக்கு மேல் போட்டோம். பலரும் தவறவிடுவது ஈரப்பதம்தான். காய்ந்த மணலில் குழி தோண்டத் தோண்டச் சரிந்து மூடிக்கொள்ளும், ஆமை அலுத்துப்போய் விட்டுவிடும். கையில் பிடித்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதம்.

பெட்டியின் மூன்று பக்கமும் அட்டை வைத்து மறைத்தோம். செடிகொடி இலைகளைக் கொஞ்சம் தொங்கவிட்டோம். சலவை இயந்திரம் ஓடுகிற நேரத்தில் அதிர்வு வருகிறது என்று துணி துவைப்பதை அந்த வாரம் இரவுக்கு மாற்றிக்கொண்டோம். மாமியார் அதற்கு முகம் சுளிக்கவில்லை. "பிள்ளைத்தாய்ச்சிக்குச் செய்ற மாதிரிதானே" என்று சொல்லிவிட்டார். ஆமையைப் பெட்டியில் விட்டபின் நின்று பார்க்காதீர்கள். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் தோண்டுவதைப் பாதியில் நிறுத்திவிடும், பிறகு மறுபடி தொடங்க ஒரு நாள்கூட ஆகலாம். பிள்ளைகள் கைப்பேசியோடு குனிந்து நிற்பதைத் தடுப்பதுதான் எங்கள் வீட்டில் மிகக் கஷ்டமான வேலையாக இருந்தது. வெயில் நேராகப் படும் இடமாக இருந்தால் பாதிப் பெட்டிக்கு நிழல் வேண்டும். சில மணி நேரத்துக்கொருமுறை தண்ணீருக்குத் திரும்ப விடுங்கள்.

வீவக வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். அந்த மணலை யார்டின் வடிகாலில் கழுவிவிடாதீர்கள், குழாய் அடைத்தால் கீழ் வீட்டுக்காரர் வரைக்கும் பிரச்சினை போகும். மூட்டையாகக் கட்டிக் குப்பையில்தான் போட வேண்டும். பெட்டிக்குக் கீழே வைக்கும் தட்டிலும், ஆமை இல்லாமல் சும்மா கிடக்கும் தொட்டியிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கி கொசுவுக்குத் துளித் தண்ணீர் போதும், கொசுச் சோதனைக்கு வருகிறவர்கள் ஆமைத் தட்டு என்று விட்டுவிட மாட்டார்கள்.

இரண்டாவது தடவை ஊசி எதுவும் தேவைப்படவில்லை. பெட்டியிலேயே போட்டு, மண்ணை மூடி, அடி ஓட்டால் தட்டிச் சமன்செய்துவிட்டுத் தண்ணீருக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த வெற்றிக்குப் பெட்டியை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். நடுவிலிருந்த மாதங்களில் சாப்பாடும் வெளிச்சமும் மாறியிருந்தன. முட்டை வரும் வாரத்தில் கால்சியத்தை அள்ளிக் கொட்டிப் பயனில்லை. அதற்கு முந்தைய பல மாதங்களில் எலும்பில் சேர்ந்ததுதான் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெயில் கொளுத்தும் ஊரில் ஆமைக்கு விளக்கு எதற்கு என்று தோன்றும். சூரிய ஒளியிலிருக்கும் யூவிபி கதிர் தோலில் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகும், டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறும். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் பளிச்சென்று வெயிலில் குளிக்கிற ஆமைக்குச் சூடு கிடைக்கிறது, டி3 கிடைப்பதில்லை. அண்ணன் வீட்டில் தொட்டி சன்னலோரம்தான் இருந்தது, நல்ல எண்ணத்தோடுதான் வைத்திருந்தார்கள். நாங்கள் ஊர்வனவற்றுக்கென்று விற்கும் யூவிபி குழல் விளக்கைப் பொருத்தினோம். நடுவில் கண்ணாடி மூடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல், பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரத்தில். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் யூவிபி நாளாக நாளாகக் குறைந்துகொண்டே வரும், அது நம் கண்ணுக்குத் தெரியாது. வகையைப் பொறுத்து 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்றிவிட வேண்டும், வாங்கிய தேதியை விளக்கின் மேலேயே பேனாவால் எழுதிவைத்துவிடுங்கள்.

அதற்கு மேல் காலை வெயில் கிடைத்தால் அமிர்தம். எங்கள் தாழ்வாரத்தில் காலையில் இளவெயில் விழும், அகலமான தொட்டியில் பாதிக்கு நிழல் வைத்துச் சிறிது நேரம் விடுவோம், யாராவது பக்கத்திலேயே இருப்போம். நண்பகலில் வேண்டவே வேண்டாம். சின்னத் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வெயிலில் வைத்தால் சீக்கிரமே கொதிக்க ஆரம்பித்துவிடும், ஆமைக்குத் தப்ப இடம் இருக்காது.

சாப்பாட்டில் காய்ந்த இறாலை நிறுத்தியதுதான் பெரிய மாற்றம். அது விலை குறைவு, ஆமையும் ஆசையாகத் தின்னும், ஆனால் அதையே தின்று வளர்ந்தால் வைட்டமின் ஏ குறையும், சத்துச் சமநிலையும் கெடும். வளர்ந்த ஸ்லைடருக்குத் தாவர உணவு பெரும்பங்காக இருக்க வேண்டும். ஈரச்சந்தையில் கிடைக்கும் சாய்சிம் கீரை, ரோமெயின் லெட்டூஸ், கொஞ்சம் கங்கோங் (வள்ளைக்கீரை), சீவிய காரட், பரங்கிக்காய், அதோடு நல்ல ஆமை உருண்டைத் தீவனம் அளவாக. பசலை வகையை அடிக்கடி கொடுப்பதில்லை, அதிலிருக்கும் ஆக்ஸாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கணவாய் ஓட்டைத் தொட்டியில் மிதக்கவிட்டால் வேண்டும்போது கடித்துக்கொள்ளும், பறவைத் தீவனக் கடைகளில் கிடைக்கும், பின்பக்கத்திலிருக்கும் கெட்டியான தகட்டை மட்டும் நீக்கிவிட வேண்டும். உப்புப் போட்ட நெத்திலி வேண்டாம். முதல் இரண்டு வாரம் செல்லம்மா கீரையைத் தொடவே இல்லை. அதற்குப் பயந்து இறாலுக்குத் திரும்பிவிடாதீர்கள், நல்ல உடம்போடு இருக்கும் பெரிய ஆமை சில நாள் குறைவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. முட்டை சுமக்கும் ஆமை, நோயாளி ஆமை என்றால் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

ராஜாவுக்கு வந்தது அந்த வைட்டமின் ஏ பிரச்சினைதான். கண் இமைகள் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. கண் தெரியாத ஆமை சாப்பிடாது, சாப்பிடாததால் இன்னும் மோசமாகும். அப்புறம் காதுப் பக்கத்தில் கோலிக்குண்டு அளவுக்கு வீக்கம். ஆமையின் சீழ் நம்முடையதைப்போல் வடியாது, பன்னீர்க்கட்டி மாதிரி கெட்டியாக உறைந்திருக்கும், அதனால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து மட்டும் கொடுத்துக் கரையவைக்க முடியாது. மயக்கம் கொடுத்துக் கீறி எடுத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறது. கண் வீங்கினால் வைட்டமின் ஏ சொட்டுமருந்து வாங்கி ஊற்றுகிறவர்களும் உண்டு. அதுவும் ஆபத்துதான். இந்த வைட்டமின் உடம்பில் சேர்ந்து தங்கும், ஊசியில் அளவு மீறினால் தோல் உரிந்து புண்ணாகிவிடும். உணவின் வழியாகக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் வைப்பது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: வேண்டாம். ஆண் முன்னால் வந்து நீண்ட நகங்களைப் பெண்ணின் முகத்தருகே படபடவென்று ஆட்டும், அதைப் பார்க்க அழகாக இருக்கும், எல்லாரும் படம் எடுப்பார்கள். பெண்ணுக்கு விருப்பம் இல்லாதபோதும் அது நிற்காது. குளத்தில் என்றால் விலகிப் போய்விடும், தொட்டியில் எங்கே போகும்? கழுத்திலும் காலிலும் கடிபட்டுப் புண்ணாகும், வெயில் காயும் மேடையில் நிம்மதியாக ஏறக்கூட முடியாது. ஓயாத துரத்தல் பெண்ணின் உணவையும் தூக்கத்தையும் கெடுத்து முட்டைக் காலத்தில் வினையாக முடியும். ஆணுக்கும் ஆபத்து இருக்கிறது, சில சமயம் உறுப்பு வெளியே வந்து உள்ளே போகாமல் நின்றுவிடும். தண்ணீரிலேயே சற்று நேரம் வந்து தானாக உள்ளே போனால் அது இயல்பு. போகவில்லை, வீங்குகிறது, கருக்கிறது என்றால் காயாமல் ஈரமாக வைத்து, மற்ற ஆமை கடிக்காமல் தனியாக எடுத்து, உடனே மருத்துவரிடம் போங்கள்.

இரண்டையும் பிரித்துவிட்டால் குஞ்சு வராது என்றும் நினைக்க வேண்டாம். பெண் ஆமை விந்தணுவை உடம்பிலேயே சேமித்துவைத்துக்கொள்ளும், ஆணைப் பார்க்காமல் ஆண்டுகள் கடந்த பிறகும் கருவுற்ற முட்டை போட முடியும். ஆகவே ஆணோடு இருந்த பெண்ணின் முட்டை எதையும் மலட்டு முட்டை என்று முடிவுகட்டித் தூக்கி ஓரமாக வைக்கக் கூடாது. நம் ஊரின் அறைச் சூடே அடைகாக்கப் போதும்.

குஞ்சு பொரிக்க வைப்பதா, வேண்டாமா? எங்கள் வீட்டில் இதற்காகப் பெரிய வாக்குவாதமே நடந்தது. மகளுக்கு ஒரே ஒரு குஞ்சாவது வேண்டும். அவள் ஆசையில் தவறில்லை, அறிவியலும் அழகாகத்தான் இருக்கிறது. கூட்டின் சூடுதான் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும். 27 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் ஆண், 31 டிகிரிக்கு மேலே பெரும்பாலும் பெண், நடுவில் கலந்து வரும். இரண்டு, இரண்டரை மாதம் போல ஆகும். கோழி முட்டையைப்போலப் புரட்டக் கூடாது, போட்ட நிலையிலேயே இருக்க வேண்டும். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கூடவே மற்றதையும் சொன்னேன். ஒவ்வொரு குஞ்சும் 30 ஆண்டு வரைக்கும் வாழக்கூடியது. ஒரு பருவத்தில் ஒரே பெண் ஆமை பல தடவை முட்டையிடும். அத்தனைக்கும் வீடு எங்கே? விற்க உரிமம் வேண்டும். குளத்திலோ நீர்த்தேக்கத்திலோ விடுவது சட்டப்படி குற்றம். புத்த சமயத்தவரின் விசாக தினத்தை ஒட்டிப் புண்ணியம் என்று விலங்குகளை விடாதீர்கள் என்று தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் எடுத்துச் சொல்கிறது. இந்த ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது, உலகின் மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது. விட்ட ஆமைகளில் பல செத்துப்போகும், பிழைத்தவை நம் மண்ணின் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும். இங்கே பூங்காக் குளங்களில் கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பவற்றில் பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டில் வளர்ந்தவைதான். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

முட்டை போட்ட அன்றே எடுத்து, பையில் கட்டி உறைபெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு அப்புறப்படுத்துகிறோம். நாள் கடத்தக் கூடாது, கரு வளரத் தொடங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். உணவுப் பொருளோடு உரசாமல் தனி டப்பாவில் வையுங்கள்.

உணவு என்றதும் சால்மோனெல்லா ஞாபகத்துக்கு வருகிறது. ஆமை நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தாலும் அந்தக் கிருமியைச் சுமக்கும், நமக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க 1975-லேயே தடைபோட்டது குழந்தைகள் அதை வாயில் வைத்து நோயுற்றதால்தான். முட்டை எடுக்கும்போதும் மண்ணை மாற்றும்போதும் கையுறை போடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தொட்டியையோ வடிகட்டியையோ சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது. என் நாத்தனார் கர்ப்பமாக எங்கள் வீட்டில் தங்கியிருந்த மாதங்களில் ஆமை வேலை முழுவதையும் என் கணவரே பார்த்துக்கொண்டார். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை உள்ள வீட்டில் ஆமை வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

மூச்சுத் தொற்று பற்றியும் ஒரு வரி. மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு, நீந்தும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதப்பது, இதில் எதைப் பார்த்தாலும் முட்டையா தொற்றா என்று வீட்டில் யோசித்துக்கொண்டிருக்காமல் காட்டிவிடுங்கள். இரவு முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் தொட்டியை வைப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவமனைகள் இங்கே குறைவு, எல்லா நாளும் அந்த மருத்துவர் இருக்கவும் மாட்டார். ஆமை நன்றாக இருக்கும்போதே தொலைபேசியில் கேட்டு, யார் பார்ப்பார், எக்ஸ்ரே உண்டா, இரவில் என்ன செய்வது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கொருமுறை எடை, ரத்தப் பரிசோதனை. சமையலறைத் தராசில் அல்ல, ஆமைக்கென்று தனித் தராசு வாங்கி மாதாமாதம் எடையை எழுதிவைத்தால் முட்டை உருவாகும்போது எடை ஏறுவது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

முட்டைக்குழாயையும் சூலகத்தையும் எடுத்துவிடும் அறுவை சிகிச்சை பற்றியும் மருத்துவர் சொன்னார். முட்டைத் தொல்லை அதோடு நிரந்தரமாகத் தீரும். பின்னங்காலுக்கு முன்னாலிருக்கும் மெத்தென்ற பகுதி வழியாகச் செய்ய முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அடி ஓட்டை அறுத்துத் திறக்க வேண்டியிருக்கும், அது ஆற மாதக்கணக்கில் ஆகும். திரும்பத் திரும்பச் சிக்கும் ஆமைக்கு இதுதான் வழி. செல்லம்மா இப்போது பெட்டியில் சிரமமில்லாமல் முட்டையிடுவதால் நாங்கள் அதற்குப் போகவில்லை. இன்னொரு முறை சிக்கினால் செய்துவிடலாம் என்று நானும் கணவரும் பேசி முடிவெடுத்து, அதற்கென்று மாதம் கொஞ்சம் பணம் ஒதுக்கி வருகிறோம்.